ஒரு டிரம் மயில் நீலம்

கையை எடுக்கக் கூடாது. பெரிய முள் எட்டில் இருக்கிறது, அது ஒன்றுக்கு வரும்வரை எடுக்கக் கூடாது. மூக்கு அரித்தாலும் சரி, தோள்பட்டை கழன்று விழுந்தாலும் சரி. ஒரு டிரம் சாயத்தை இருபது நிமிடம் கலக்கினால் போதும் என்பது இந்தச் சாயப்பட்டறையின் கணக்கு, நான் இன்றைக்கு இருபத்தைந்து நிமிடம் கலக்கப் போகிறேன். பிறகு பார்க்கலாம். பிறகு அந்தக் காகிதத்தையும் பார்க்கலாம். கலக்குகிற மோட்டார் கெட்டுப்போய் மூன்று மாதமாகிறது, அதனிடம் யாரும் கடிதம் கேட்கவில்லை. அது ஓரமாகச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நிம்மதியாகக் கிடக்கிறது. அதன் வேலையையும் சேர்த்து, நெஞ்சு உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாயை வைத்துக்கொண்டு செய்கிறேனே, என்னிடம்தான் கடிதம் வேண்டுமாம். நாலே வரி. கம்ப்யூட்டரில் அடித்து எடுத்து வந்து, எனக்கு எழுத்து தெரியாது என்று நினைத்து, நேற்று மாலை எல்லோர் முன்னாலும் நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினார் புது மாஸ்டர். ‘சாயத்தை நான் சரியாகக் கலக்காததால் துணியில் புள்ளி விழுந்துவிட்டது. இது என் கவனக்குறைவு. இனி இவ்வாறு நடக்காது. இப்படிக்கு, துளசிமணி.’ என் பெயரைக்கூட அவரே எழுதிவிட்டார், கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. “நாளைக்கு ஒரு பதினோரு மணி வாக்குல வர்றேங்க்கா, போட்டுக் குடுத்துருங்க. சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான்” என்றார். சும்மா என்றால் எதற்குக் கேட்கிறார்? பத்தொன்பது வருடம். என் கை கலக்கிய சாயத்தில் இதற்கு முன் ஒரு புள்ளி விழுந்ததில்லை. ஒரு தடவை கையெழுத்துப் போட்டேன் என்றால் இனி இந்தப் பட்டறையில் எந்தத் துணியில் எந்தப் புள்ளி விழுந்தாலும் அது துளசிமணி போட்ட புள்ளிதான். இரண்டாவது புள்ளிக்கு வாசலைக் காட்டுவார்கள். நாற்பத்தெட்டு வயதில், நகக்கண்ணில் நீலமும் சிவப்புமாக, வேறு எந்த வாசலில் போய் நிற்பது?

சுற்றிச் சுற்றிக் கலக்கினால் தண்ணீர் மட்டும்தான் சுற்றும், அடியில் இருப்பது அடியிலேயே உட்கார்ந்துகொள்ளும். அதனால் எட்டுப் போடுகிற மாதிரி இப்படிப் போய் அப்படி வரவேண்டும், நடு நடுவே குழாயின் நுனியை அடியில் தேய்த்துப் பார்க்கவேண்டும். நறநற என்று வந்தால் இன்னும் ஆகவில்லை. வழுக்கிக்கொண்டு போனால் ஆயிற்று. இதையெல்லாம் எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இந்தக் கைதான் சொன்னது. இன்றைக்கு எல்லாவற்றையும் வரிசை தவறாமல் செய்திருக்கிறேன். பொடியைக் கொட்டியதும் வெந்நீரை ஊற்றவில்லை. ஊற்றினால் மேலே ஈரமும் உள்ளே காய்ந்த பொடியுமாக உருண்டை பிடித்துக்கொள்ளும், அப்புறம் நாள் முழுக்கக் கலக்கினாலும் உடையாது. முதலில் கொஞ்சமாகப் பச்சைத் தண்ணீர் விட்டு, கேழ்வரகு மாவைக் கட்டி தட்டாமல் கரைக்கிற மாதிரி, கையுறையோடு அழுத்தி அழுத்திக் குழைத்தேன். விரலுக்கு விரல் தேய்த்துப் பார்த்தேன், ஒரு குருணைகூட இல்லை. பிறகுதான் சுவர்க் குழாயைத் திறந்து சூட்டுத் தண்ணீர். ஆவி முகத்தில் அடிக்கிறது, சூட்டில் குறை சொல்ல முடியாது. மயில் நீலம். டப்பாவின் மேல் வேறு என்னவோ இங்கிலீஷில் போட்டிருக்கும், எங்களுக்கு மயில் நீலம்தான். மற்ற நிறமெல்லாம் சொன்னபடி கேட்கும், இது கேட்காது, பிறந்த வீட்டில் செல்லமாக வளர்ந்த மருமகள் மாதிரி எதற்கும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால்தான் இதற்கு எப்போதும் என்னைக் கூப்பிடுவார்கள். “துளசியக்கா வந்தாச்சுன்னா மயில் தோகை விரிச்சுரும்” என்பான் மெஷின் ஓட்டுகிற கந்தவேலு. அவனும் நேற்று அந்தக் கடிதத்தை வாசிக்கும்போது மெஷினுக்குப் பின்னால் போய் எதையோ துடைத்துக்கொண்டிருந்தான். இருக்கட்டும். அவனுக்கும் இரண்டு பிள்ளைகள்.

முள் ஒன்பதுக்கு வந்துவிட்டது. ஐந்து நிமிடம். தோளில் அந்தப் பழைய வலி மெல்ல எழுந்து உட்காருகிறது. எழுந்திரு, எழுந்து எனக்கு என்ன செய்ய முடியும் என்று நானும் பார்க்கிறேன். நான் ஒருத்தி எதற்காக இப்படி எனக்கே பரீட்சை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டால், கேட்க ஆள் இல்லை, நானேதான் கேட்கவேண்டும். ஏனென்றால் அன்றைக்கு நான் கையை எடுத்தேன். அதுதான். புள்ளி விழுந்த அந்தத் துணிக்குச் சாயம் கலக்கும்போது, பாதியில், கையை எடுத்தேன். யாரும் பார்க்கவில்லை. போன் வந்தது. வேலை நேரத்தில், வீட்டிலிருந்து. பள்ளிக்கூடம் போன மகளுக்கு என்னவோ என்றுதான் குழாயைச் சுவரில் சாத்திவிட்டு வெளியே ஓடினேன். என் வீட்டுக்காரர்தான். “இந்தா புள்ள, சக்கரை டப்பா எங்க வெச்ச?” சர்க்கரை டப்பா! இருபத்துமூன்று வருடமாக அது அதே பலகையில் அதே இடத்தில் இருக்கிறது. அடுப்புக்கு நேர் மேலே, அவர் கண்ணுக்கு நேராக. “உங்க மூக்குக்கு முன்னாடிதான்” என்றேன். “இங்க இல்லையே.” “ரெண்டாவது டப்பா.” “இது உப்பு.” “அதுக்குப் பக்கத்துல.” “அட ஆமா.” இதற்கு நாலு நிமிடம். அந்த மனிதர் டீயில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கக்கூட மாட்டார். அப்படியே குடித்துவிட்டு, டீ சப்பென்று இருக்கிறது என்று என்னைத் திட்டிவிட்டு, கடைசியில் டம்ளரின் அடியில் கிடப்பதை விரலால் வழித்து நக்குவார். அந்தக் கலக்காத டீக்காக நான் கையை எடுத்தேன். திரும்பி வந்து மறுபடி கலக்கினேன், விட்ட நேரத்தையும் சேர்த்துத்தான் கலக்கினேன், இருந்தாலும் எடுத்தது எடுத்ததுதானே? நாலு நிமிடத்தில் அடியில் போய் உட்கார்ந்தது பிறகு எழுந்திருக்கவே இல்லையோ? மூன்று ராத்திரியாக இந்த நாலு நிமிடம்தான் பாயில் எனக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டிருக்கிறது. நேற்று அவரிடம் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன், போனைப் பற்றிச் சொல்லவில்லை. “ஒரு கையெழுத்துதானே, போட்டுப்போட்டு வேலையப் பாரு. பெரிய கலெக்டரம்மா” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். இன்றைக்கு அதே சாயம், அதே அளவு, அதே சூடு, அதே தண்ணீர். இருபத்தைந்து நிமிடம் கையை எடுக்காமல் கலக்குவேன். கரைந்தால் தப்பு என் மேல். வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவேன். கரையாவிட்டால்.

கரையாவிட்டால் தப்பு தண்ணீர் மேல். அந்தத் தண்ணீரைத் திறக்கச் சொன்னவர் மேல். எனக்கு எதிரே சுவரில் இரண்டு குழாய்கள் இருக்கின்றன. இடது பக்கம் நல்ல தண்ணீர், பாய்லரிலிருந்து நேராக வருவது. பதினெட்டு வருடமும் சொச்சமும் நான் அதைத்தான் திறந்தேன். வலது பக்கம் மெஷினுக்குள்ளிருந்து திரும்பி வருகிற தண்ணீர். முன்பெல்லாம் மெஷினில் முதலில் துணி, பிறகு சாயம், கடைசியில்தான் உப்பு. உப்பு விழுந்தால்தான் சாயம் துணியைப் போய்ப் பிடிக்கும். புது மாஸ்டர் வந்து இரண்டே மாதத்தில் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டார். முதலில் உப்பு, மூட்டை மூட்டையாக. அப்புறம் அந்த உப்புத் தண்ணீரிலேயே கொஞ்சம் வாங்கிச் சாயத்தைக் கரைத்துத் திரும்ப அனுப்பவேண்டுமாம். புதுத் தண்ணீர் மிச்சம். பட்டறைக்குள் ஒரு குடம் புதுத் தண்ணீர் வந்தால் அந்த ஒரு குடத்தையும் வெளியே விடுமுன் சுத்தம் செய்துதானே தீரவேண்டும், அதனால் முதலாளி அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். இடது குழாயின் திருகைக் கழற்றி அவர் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார், நாங்கள் திருட்டுத்தனமாகத் திறந்துவிடுவோமாம். முதல் நாளே நான் அந்த வலது குழாய்த் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். ராமேஸ்வரத்துக் கடல் தோற்றது, உப்பும் கசப்புமாக நாக்கு சுருண்டுவிட்டது. “மாஸ்டர், இதுல கரையாதுங்க” என்றேன். “ஏனுங்க்கா கரையாது?” “இது ஏற்கெனவே நிறைஞ்ச தண்ணிங்க.” சிரித்தார். சின்ன வயது, நல்ல பல்வரிசை, பெயர் நவநீதன், டிப்ளமோ. “சூடு இருக்குதுங்களா? இருக்குது. பொடி நைசா இருக்குதுங்களா? இருக்குது. அப்புறம் நீங்க நல்லாக் கலக்குனாக் கரைஞ்சுதானே ஆகோணும்? இது சயின்ஸுங்க்கா.” மூன்று விரலை மடக்கிக் காட்டினார். நாலாவது விரல், தண்ணீருக்கான விரல், மடங்காமல் நின்றது, அதை அவர் பார்க்கவில்லை. வடிகட்டுகிற துணியையும் எடுத்துவிட்டார், நேரம் ஆகிறதாம். மூன்று நாள் எல்லாம் வெளிர் நிறங்கள், ஒரு கரண்டிச் சாயம், எப்படியோ ஒப்பேறிவிட்டது. “பாத்தீங்களா?” என்றார். நாலாம் நாள் மயில் நீலம் வந்தது.

பத்து. கை தானாகப் போய்வருகிறது, இப்போது நான் கலக்கவில்லை, கைதான் கலக்குகிறது. நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்குகிறது, துடைக்க முடியாது, கண்ணை இறுக்கி மூடித் திறக்கிறேன், எல்லாம் நீலமாகத் தெரிகிறது. சயின்ஸாம். என்னிடம் வந்து சயின்ஸ். போன வாரம் மகள் தர்சினி பரீட்சைக்குச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். நீர் சூடாக இருந்தால் விரைவில் கரையும், பொருள் பொடியாக இருந்தால் விரைவில் கரையும், கலக்கினால் விரைவில் கரையும். வெங்காயம் நறுக்கிக்கொண்டே, “தண்ணியில முன்னாடியே வேற என்னமோ கரைஞ்சு கெடந்தா?” என்று கேட்டேன். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். “உப்புத் தண்ணியில மறுபடி உப்பே போட்டா ஒரு அளவுக்கு மேல கரையாதுன்னு இருக்கும்மா. நீ கேக்கறது உப்புத் தண்ணியில வேற ஒண்ணு போட்டா. அது இங்க இல்ல.” எப்படி இருக்கும்? என் கேள்வி எந்தப் புத்தகத்தில் இருந்தது? காலை ஏழரை டவுன் பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் தெரியும். படியில் தொங்குகிறவனை உள்ளே போ உள்ளே போ என்று கண்டக்டர் தொண்டை கிழியக் கத்தினாலும், உள்ளே இருப்பவன் நகர்ந்தால்தானே. உள்ளே இருப்பவன் அண்ணனா தம்பியா அந்நியனா என்பது முக்கியமா? நிறைந்தது நிறைந்ததுதான். எனக்கு அவ்வளவுதான் தெரியும். எனக்குப் பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்பில் ஒரு மதியத்தோடு முடிந்தது. அன்றைக்கு அறிவியல் டீச்சர் இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து, ஒன்றில் ஒரு கல் உப்புக் கட்டி, இன்னொன்றில் அதே எடைக்குப் பொடி உப்புப் போட்டு ஜன்னலில் வைத்தார். யாரும் தொடக் கூடாது, சாப்பிட்டுவிட்டு வந்து பார்ப்போம் என்றார். சாப்பாட்டு மணி அடிக்கும்போது வாசலில் அப்பா நின்றார். அம்மாவுக்குப் பிரசவம் ஆகிவிட்டது, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பையை எடுத்துக்கொண்டு போனேன். அவ்வளவுதான். பொடிதான் முதலில் கரைந்திருக்கும், அது எந்தக் கழுதைக்கும் தெரியும். ஆனால் நான் பார்க்கவில்லை. நாற்பது பேர் பார்த்தார்கள், நான் பார்க்கவில்லை. தம்பி இன்றைக்குக் கோயமுத்தூரில் பேங்க் வேலையில் இருக்கிறான், அந்தக் கல் உப்பு என்ன ஆயிற்று என்று எனக்கு வந்து சொல்ல ஒரு ஆள் இல்லை.

“அக்கா, ஆச்சுங்களா? மெஷின் காத்துக்கிட்டு நிக்குது.” கந்தவேலு. “இல்ல.” “மணி பத்தே முக்கால் தாண்டியாச்சு.” “தாண்டட்டும்.” “கொஞ்சம் கையக் குடுங்க, நான் ரெண்டு சுத்து சுத்தறேன், நீங்க தண்ணி குடிச்சுப்போட்டு வாங்க.” “தொடாத!” நான் கத்தியதில் அவன் ஒரு எட்டுப் பின்னால் போனான். பாவம், நல்லதுக்குத்தான் சொன்னான். “கோவிச்சுக்காத கந்தவேலு. இன்னைக்கு நான் கைய எடுக்கல. அதை மட்டும் நீ பாத்துக்கிட்டு இரு. மத்தது எதுவும் நீ பேச வேண்டாம்.” அவன் கடிகாரத்தைப் பார்த்தான், டிரம்மைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். பிறகு மெஷின் பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தான்.

முள் பதினொன்றில். குழாய் நுனியை அடியில் வைத்துத் தேய்க்கிறேன். நறநற. இல்லை, அது டிரம்மின் வெல்டிங் தழும்பாக இருக்கும். இந்தப் பக்கம் தேய்க்கிறேன். நறநற. மணல் மாதிரி, அரிசியில் கல் மாதிரி. எனக்குச் சந்தோஷமாக இருக்கவேண்டும், இல்லையா? இதைத்தானே எதிர்பார்த்தேன்? ஆனால் கை சும்மா இருக்கவில்லை, இன்னும் வேகமாகப் போகிறது. அதற்குக் கரைக்கத்தான் தெரியும், கரையாமல் விட அதற்குத் தெரியாது. இது என்ன கூத்து, என் பெயர் தப்பிக்கவேண்டும் என்றால் இது கரையக் கூடாது, இதைக் கரைக்க நானே உயிரை விட்டுக்கொண்டிருக்கிறேன். வேகத்தைக் குறைத்தால் என்ன? கொஞ்சம், ஒரு பொட்டு, யாருக்குத் தெரியும்? கந்தவேலுவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அப்புறம் அந்த நாலு நிமிடத்துக்குப் பக்கத்தில் இதுவும் வந்து படுத்துக்கொள்ளும், எனக்குப் பாயில் இடம் இருக்காது. கலக்கு. ஆத்திரத்தை எல்லாம் குழாயில் ஏற்றிக் கலக்கு. புள்ளி விழுந்த அந்தத் துணியை மெஷினிலிருந்து உருவும்போது பக்கத்தில்தான் நின்றேன். அழகான நீலம் வந்துகொண்டே இருந்தது, வந்துகொண்டே இருந்தது, திடீரென்று அம்மை போட்ட மாதிரி கரு நீலப் புள்ளிகள். யாரும் துணியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். கெட்டுப்போன மோட்டாரை யாரும் பார்க்கவில்லை. திருகு இல்லாத குழாயை யாரும் பார்க்கவில்லை. கையில் நீலம் இருப்பவள்தானே கண்ணுக்குத் தெரிவாள்.

பன்னிரண்டு. பதினோரு மணி. இன்னும் ஐந்து நிமிடம். இருபது நிமிடம் ஆகிவிட்டது, பட்டறைக் கணக்கு முடிந்துவிட்டது, இப்போதே நிறுத்தினாலும் யாரும் கேட்க முடியாது. நான் நிறுத்த மாட்டேன். விரல்கள் மரத்துவிட்டன, குழாய் எங்கே முடிகிறது கை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. உள்ளே ஒரு பயம் மட்டும் மரக்காமல் கிடக்கிறது. கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லாம் கரைந்துவிட்டால்? அன்றைக்கு நான் எடுத்த நாலு நிமிடம்தான் குறை என்று ஆகிவிட்டால்? ஆகட்டும். ஆனால் அந்தக் கடிதத்தில் அவர் எழுதியது மட்டும் போதாது, சர்க்கரை டப்பாவையும் எழுதச் சொல்வேன். சாயத்துக்கு ஒரு நியாயம் உண்டு, அது முகம் பார்க்காது, டிப்ளமோவா ஆறாம் வகுப்பா என்று கேட்காது. இந்தப் பட்டறையில் அது ஒன்றுதான் என்னிடம் பொய் சொன்னதில்லை. தேய். நறநற. தேய். நறநற. ஒன்று. முள் ஒன்றில் நிற்கிறது. இடுப்பில் செருகியிருந்த வெள்ளைப் பனியன் துணித் துண்டை இடது கையால் உருவி, வலது கையால் குழாய் நுனியைத் தூக்கி ஒரு சொட்டு விட்டு, மறுபடி கலக்கத் தொடங்கினேன். சொட்டு வட்டமாக விரிந்தது. வெளியே மயில் நீலம், மழை விட்ட வானம் மாதிரி. நடுவில், கடுகு வெடித்த மாதிரி கரையாத புள்ளிகள், ஒன்று, இரண்டு, ஏழு, பதினொன்று. எண்ண முடியவில்லை. தப்பு என் கை மேல் இல்லை. என் கை இல்லை. என் கை இல்லை.

“என்னுங்க்கா, ரெடிங்களா?” மாஸ்டர் வந்துவிட்டார். நாலாக மடித்த காகிதம் ஒரு கையில், பேனா சட்டைப் பையில். டிரம்மைப் பார்த்துக் கேட்டாரா, கடிதத்துக்குக் கேட்டாரா தெரியவில்லை. நான் கலக்கிக்கொண்டே துணித் துண்டை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். “இன்னும் கரையலையே. இன்னும் கொஞ்சம் நல்லாக் கலக்கோணுங்க்கா, இதைத்தானே நான் சொல்லிக்கிட்டே இருக்கறேன்.” “இருபத்தஞ்சு நிமிசம் ஆச்சுங்க மாஸ்டர்.” “நடுவுல விட்டிருப்பீங்க.” ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்டது. “விடலீங்க” என்றான் கந்தவேலு. பேச வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தும் பேசினான். “தண்ணி குடிக்கக்கூடப் போகல. நான் மணியப் பாத்துக்கிட்டேதான் உக்காந்திருக்கறேன்.” மாஸ்டர் அவனைப் பார்த்தார். துணி மடித்துப் போடுகிற இடத்திலிருந்து இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் மூச்சை இழுத்துக்கொண்டேன். “மாஸ்டர், அன்னைக்கு நான் நடுவுல விட்டேனுங்க. எங்க வூட்டுக்காரருக்கு சக்கரை டப்பா தெரியல, போன் வந்துச்சு, நாலு நிமிசம் கைய எடுத்தேன். அதையும் அந்தக் காயிதத்துல எழுதுங்க. இன்னைக்கு எடுக்கல, அதையும் எழுதுங்க. எந்தக் குழாய்த் தண்ணின்னு எழுதுங்க. மோட்டார் ஓடலைன்னு எழுதுங்க. எல்லாத்தையும் எழுதுனா நான் போடறேன்.” அவர் முகம் சிவந்தது. “கலக்குனாக் கரையுங்க்கா. சும்மா தண்ணி மேல பழி போடாதீங்க.”

கலக்கினால் கரையும். அவர் வாயாலேயே வந்துவிட்டது. “சரிங்க” என்றேன். “அப்ப நீங்க கலக்குங்க.” குழாயை அவர் பக்கம் சாய்த்தேன், ஆனால் கலக்குவதை நிறுத்தவில்லை, அவர் பிடித்தால்தான் விடுவேன். “உங்க கையில கரைஞ்சுதுன்னா இந்த எடத்துலயே, நீங்க எழுதுனபடியே, ஒரு எழுத்து மாத்தாமப் போடறேன்.” மடிக்கிற பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்து வாயைப் பொத்தினாள். “மாஸ்டர், சட்டைக் கைய மடிச்சு உட்டுக்குங்க” என்றான் கந்தவேலு மெதுவாக, “மயில் நீலம் போகாதுங்க.” போய்விடுவார் என்று நினைத்தேன். போயிருக்கலாம். ஆனால் இத்தனை கண்களுக்கு நடுவில் எப்படிப் போவது? காகிதத்தையும் பேனாவையும் என்னிடம் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழாயைப் பிடித்தார். நான் விட்டேன். விட்ட கை காற்றில் தானாக ஒரு எட்டுப் போட்டது, பிறகு கீழே தொங்கியது. சுவரில் சாய்ந்துகொண்டு பேனா மூடியைத் திறந்து வைத்தேன், நான் வாக்குத் தவறியதாக ஒரு சொல் வரக் கூடாது. அவர் கலக்கினார். வட்டமாக, வேகமாக, டிப்ளமோக்காரர் கலக்குவது மாதிரி. ஒரு நிமிடம். இரண்டு. மூன்று. வெள்ளைச் சட்டையின் தோளில் வேர்வை பூத்தது. அடியில் தேய்த்துப் பார்க்கச் சொல்லவேண்டியிருக்கவில்லை, அவராகவே தேய்த்தார், அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவர் கண் மெல்ல நிமிர்ந்து, சுவரில் இடது பக்கம், திருகு இல்லாமல் நின்ற குழாயின் மேல் போய் நின்றது. கலக்குவது நின்றது.

“கைய எடுக்காதீங்க மாஸ்டர்” என்றேன். “இன்னும் இருவத்தி ரெண்டு நிமிசம் இருக்குது.”